காப்பை அறுக்கச் சொன்னா எங்க போறது? தென்னாப்பிரிக்காவுல டர்பன் ஊர்ல இருக்குற பெத்தவங்களுக்கு

ஜனவரியில ஸ்கூல் தொறந்த கையோட தைப்பூசம் வந்துருது, காவடி எடுக்கிற பசங்க விரதத்துக்குக் காப்பு கட்டிக்கிட்டு மஞ்சக் கயித்தோட கிளாஸுக்குப் போறாங்க, யாராவது ஒரு டீச்சர் "கோட் ஆஃப் கண்டக்ட்ல (ஸ்கூல் நடத்தை விதியில) இது இல்ல, கழட்டு"ன்னு சொல்றாங்க. டர்பன்ல நம்ம ஏரியா சாட்ஸ்வொர்த்துல இருந்து ஃபீனிக்ஸ் வரைக்கும் வருஷா வருஷம் இதே பாட்டுதான். சில பேருக்கு கோயில்ல கட்டின சிவப்புக் கயிறு, சில பொண்ணுங்களுக்கு மூக்குத்தி, விரதத்துல ஷேவ் பண்ணாத பசங்களுக்கு தாடி. உடனே வாட்ஸ்அப் குரூப்ல ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. ஒருத்தர் ஹியூமன் ரைட்ஸ் கமிஷனுக்கு எழுதுங்கறார், இன்னொருத்தர் லாயரைப் பாருங்கறார், மூணாவது ஆள் "நாட்டோட உச்ச கோர்ட், கான்ஸ்டிடியூஷனல் கோர்ட்டே மூக்குத்தி கேஸ்ல சொல்லியாச்சு, அந்தத் தீர்ப்பை பிரின்ட் எடுத்துட்டுப் போய் பிரின்சிபால் டேபிள்ல போடு"ங்கறார்.

மூணும் தப்பில்ல. ஆனா மூணும் ஒரே மாதிரி வேலை செய்யாது, அதைத்தான் யாரும் சொல்றதில்ல. உரிமைன்னு பார்த்தா எங்க போனாலும் அதே உரிமைதான், 1996 அரசியல் சட்டத்தோட 9ஆம் பிரிவு சமத்துவம், 15 மதம், 30ம் 31ம் பண்பாடு. மாறுறது நேரம், செலவு, கடைசியில கைக்கு வர்ற பேப்பருக்கு எவ்வளவு பலம்ங்கறது, இந்த மூணுதான். அதுல எனக்கு முக்கியமாப் படுறது நேரம். ஏன்னா காப்பு பத்து நாள் சமாச்சாரம், சிவப்புக் கயிறு சில மாசம், மூக்குத்தி ஆயுசுக்கும். எந்தப் பொருளுக்காக சண்டை போடுறோமோ அது எத்தனை நாள் உடம்புல இருக்கப் போகுதுன்னு பார்த்துட்டுதான் எங்க போறதுன்னு முடிவு பண்ணணும்.

முதல்ல அந்த மூக்குத்தி கேஸ், ஏன்னா எல்லாரும் அதைச் சொல்றாங்க, முழுசா படிச்சவங்க கொஞ்சம் பேருதான். டர்பன்ல ஒரு அரசு பெண்கள் ஸ்கூல், 2004ல லீவுல மூக்கு குத்திக்கிட்டு வந்த பொண்ணு. அம்மா ஸ்கூலுக்கு லெட்டர் எழுதுறாங்க, நாங்க தென்னிந்தியக் குடும்பம், பொண்ணு பெரியவளானா மூக்குத்தி போடுறது வழக்கம், பதினாறாவது பிறந்தநாளுக்கு பாட்டி அதை எடுத்துட்டு வைரத்துல போட்டுவிடுவாங்க, இது ஃபேஷனுக்காக இல்லன்னு. ஸ்கூல் யார் யாரையோ கலந்துகிட்டு மாட்டேன்னுட்டாங்க. அம்மா நேரா, பாகுபாடு கேஸை விசாரிக்கிற ஈக்வாலிட்டி கோர்ட்டுக்குப் போறாங்க. 2005 ஜூலையில இடைக்கால ஆர்டர் கிடைக்குது, செப்டம்பர்ல அதே கோர்ட் "இது அநியாயமான பாகுபாடு இல்ல"ன்னு ஸ்கூல் பக்கம் தீர்ப்பு சொல்லுது. அப்பீல்ல 2006 ஜூலையில பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஹைகோர்ட் அதை மாத்துது. மாகாண கல்வி அமைச்சரும் ஸ்கூலும் விடாம ஜோகன்னஸ்பர்க்குக்குப் போறாங்க, 2007 அக்டோபர் 5ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் தீர்ப்பு. தலைமை நீதிபதி பயஸ் லாங்கா எழுதினது. நேட்டால் தமிழ் வேதிக் சொசைட்டியும் கோர்ட்டுக்கு உதவுற தரப்பா உள்ள வந்தாங்க, அது நம்ம ஆளுங்களுக்கே நிறைய பேருக்குத் தெரியாது.

ஜெயிச்சாச்சு. ஆனா தீர்ப்பு வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு ஸ்கூலையே முடிச்சுட்டு வெளிய போயாச்சு. கோர்ட்டே அதைக் கவனிச்சு, இந்தப் பொண்ணுக்கு இனி பிரயோஜனம் இல்லன்னாலும் மத்த பிள்ளைங்களுக்கு வேணும்னு சொல்லித்தான் கேஸை எடுத்துக்கிட்டாங்க. அப்ப அந்தப் பிள்ளைக்கு நிஜமா உதவினது எதுன்னு பாருங்க. பெரிய தீர்ப்பு இல்ல, 2005 ஜூலையில கிடைச்ச அந்த இடைக்கால ஆர்டர், கேஸ் முடியுற வரைக்கும் பொண்ணைத் தொந்தரவு பண்ணாதேன்னு ஸ்கூலுக்குச் சொன்ன ஒரு பேப்பர். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

அந்தத் தீர்ப்புல நமக்கு ரொம்ப உபயோகமான விஷயம் ஒண்ணு இருக்கு. மூக்குத்தி கட்டாயமான மதச் சடங்கு இல்லன்னு அந்தக் குடும்பமே ஒத்துக்கிச்சு. அது கட்டாயமா விருப்பமாங்கறது பிரச்சனையே இல்ல, அந்தப் பிள்ளை மனசார நம்புதா, அவ அடையாளத்துக்கு அது முக்கியமாங்கறதுதான் கேள்வின்னு கோர்ட் சொல்லிடுச்சு. இந்தியாவுல இருந்து வந்தவங்களுக்கு இது புதுசா இருக்கும், அங்க கோர்ட்ல "இது அந்த மதத்துக்கு அத்தியாவசியமா"ன்னுதான் முதல்ல கேப்பாங்க, கர்நாடகா ஹிஜாப் கேஸ்ல ஹைகோர்ட் அப்படிக் கேட்டுத்தான் முடிவு பண்ணுச்சு, 2022ல சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு நீதிபதியும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதி அது அப்படியே நிக்குது. இங்க நம்ம பையனோட காப்பு எந்த ஆகமத்துல இருக்குன்னு யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்ல. அதனால பிரின்சிபால் "நான் வேற ஒரு ஹிந்து டீச்சரைக் கேட்டேன், அவங்க இது கம்பல்சரி இல்லன்னாங்க"ன்னு சொன்னா (சொல்லுவாங்க, நம்ம ஆளுங்களே போய் சொல்லிக் குடுப்பாங்க) அதுக்கு பதில் இந்தத் தீர்ப்புலயே இருக்கு. ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் ஏதாவது போட்டுக்கிட்டு வருவாங்கன்னு ஸ்கூல் பயந்ததுக்கும் கோர்ட் பதில் சொல்லியிருக்கு, இத்தனை நாள் பயந்துகிட்டு இருந்த பிள்ளைங்க இனி அவங்க பண்பாட்டைக் காட்ட முன்வந்தா அதைக் கொண்டாடணும், பயப்படக் கூடாதுங்கற அர்த்தத்துல.

சரி, எங்க போறது. முதல் இடம் ஸ்கூல் கவர்னிங் பாடி, அதாவது ஸ்கூல் நிர்வாகக் குழு. கோட் ஆஃப் கண்டக்ட் எழுதுறது பிரின்சிபால் இல்ல, 1996 ஸ்கூல்ஸ் ஆக்ட் 8ஆம் பிரிவுப்படி கவர்னிங் பாடிதான், அதுவும் பெத்தவங்க, பிள்ளைங்க, டீச்சருங்க எல்லாரையும் கலந்துகிட்டு. 2024 கடைசியில அமலுக்கு வந்த பேலா சட்டம், ஸ்கூல்ஸ் ஆக்ட்டைத் திருத்தின சட்டம், இதை இன்னும் இறுக்கிடுச்சு, பண்பாடு, மத அனுஷ்டானம், உடம்பு நிலை இதையெல்லாம் கணக்குல எடுத்துத்தான் கோட் எழுதணும், விலக்கு கேக்குறதுக்கு அதுலயே ஒரு வழியும் இருக்கணும்னு. மொழியையும் அட்மிஷனையும் பத்திதான் பேலாவுக்கு அவ்வளவு சத்தம் போட்டாங்க, நம்ம வீட்டுக்கு வேண்டிய இந்த வரியை யாரும் பேசல. விலக்கு மறுத்தா மாகாண கல்வித் துறைத் தலைவருக்கு, ஹெச்ஓடின்னு சொல்றோமே அவருக்கு, அப்பீல் போகலாம்.

இதுக்கு செலவு கிடையாது, சீக்கிரமாவும் முடியும். காப்புக்கு இது ஒண்ணுதான் உருப்படியான வழின்னே சொல்வேன், கீழ சொல்ற ஹைகோர்ட் அவசர மனுவைத் தவிர, பத்து நாள் விரதத்துக்குள்ள எந்தக் கோர்ட்டும் உங்க கேஸைக் கூப்பிடப் போறதில்ல. ஆனா வாயால போய்ப் பேசிட்டு வராதீங்க. எங்க கோயிலுக்கு வர்ற ஒரு அக்கா பையன் கிரேடு 9, டீச்சர் டிராயர்ல இருந்து கத்திரிக்கோலை எடுத்து டேபிள் மேல வச்சுட்டு "நீயே அறுத்துடு"ன்னு சொல்லியிருக்காங்க, பையன் முழுக்கை ஜெர்சியை இழுத்து விட்டுக்கிட்டு டர்பன் வெயில்ல நாள் பூரா உக்காந்திருக்கான். அக்கா மறுநாள் போய் ஆபீஸ்ல அழுது பேசினாங்க, அவங்களும் நல்லபடியா பேசி அனுப்பினாங்க. அடுத்த வருஷம் அதே கதை, "போன வருஷம் ஒத்துக்கிட்டீங்களே"ன்னா யாரு ஒத்துக்கிட்டாங்கறாங்க. ஒரு துண்டுப் பேப்பர் கூட இல்ல.

லெட்டர்ல என்ன வேணும்னு கேக்குறீங்க. பிள்ளை பேரு, கிளாஸ், என்ன கட்டியிருக்கான், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும், வீட்டுல தாத்தா ஆயா காலத்துல இருந்து எப்படிச் செய்றோம், பையன் இதை என்னன்னு நினைக்கிறான்னு அவன் வார்த்தையிலயே ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியை விட்டுடாதீங்க, கோர்ட்டுக்குப் போனா மனசார நம்புறதுக்கு அதுதான் சாட்சி, மூக்குத்தி கேஸ்லயும் அம்மா ஸ்கூலுக்கு எழுதின அந்த லெட்டர்ல சொன்னதைத்தான் கடைசிக் கோர்ட் வரைக்கும் பேசினாங்க. அப்புறம் நாமளே ஒரு சமாதானமும் சொல்லணும், ஸ்போர்ட்ஸ் அன்னிக்கு மேல பிளாஸ்டர் ஒட்டிக்குவான், லேப்ல கையுறை போட்டுக்குவான்னு, ஏன்னா கோர்ட் பார்க்குறது நியாயமான அளவுக்கு ஸ்கூல் இடம் குடுத்துச்சாங்கறதுதான், அதுக்கு நாமளும் பாதி தூரம் வந்திருக்கணும். எழுத்துல பதில் வேணும், இன்ன தேதிக்குள்ள வேணும்னு முடிங்க. ஆபீஸ்ல ஒரு காப்பியில முத்திரை வாங்கிக்கோங்க, ஈமெயில்லயும் போடுங்க.

ரெண்டாவது, ஹியூமன் ரைட்ஸ் கமிஷன். அரசியல் சட்டம் 181ஆம் பிரிவுல உண்டாக்கி, 184ல வேலையைச் சொல்லியிருக்குற அமைப்பு, டர்பன்லயே ஆபீஸ் இருக்கு, ஃபீஸ் இல்ல, நீங்க ஒரு ஃபார்ம் எழுதிக் குடுத்தா அவங்க ஸ்கூலுக்கு எழுதுவாங்க. கமிஷன் லெட்டர்ஹெட்டைப் பார்த்ததும் பாதி ஸ்கூல் இறங்கி வந்துரும்ங்கறது உண்மைதான். இறங்கி வரலேன்னா? 2024ல நம்ம நாட்டு சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் ஒரு கேஸ்ல, தண்ணி சம்பந்தப்பட்ட ஒரு பண்ணைத் தகராறு அது, கமிஷனோட உத்தரவு யாரையும் கட்டுப்படுத்தாது, வேணும்னா கமிஷன் கோர்ட்டுக்குப் போய்க்கட்டும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அரசாங்க முறைகேட்டை விசாரிக்கிற பப்ளிக் புரொடெக்டரோட இதைக் குழப்பிக்காதீங்க, அவங்க சொன்னது கட்டுப்படுத்தும்னு 2016ல ன்காண்ட்லா கேஸ்ல அப்போதைய ஜனாதிபதி ஜூமாவுக்கு எதிரா வந்த தீர்ப்பு வேற கதை. கமிஷன்ல இன்னொரு கஷ்டம், ஒரு புகார் மேல ஒரு புகாரா குவிஞ்சு கிடக்கு, உங்க ஃபைல் எப்ப மேல வரும்னு சொல்ல முடியாது. மதம், பண்பாடு, மொழி சமூகங்களுக்குன்னு சிஆர்எல் கமிஷன் தனியா இருக்கு, அவங்களும் சமரசம் பேசுவாங்க, அதுக்கு மேல கையில ஒண்ணும் இல்ல. ஒரு ஸ்கூலோட பிரச்சனை இல்லாம ஏரியாவுல இருக்குற ஏழெட்டு ஸ்கூல்லயும் இதே தொல்லைன்னா, அப்ப சிஆர்எல் நல்ல இடம், எல்லாரையும் ஒரு ரூம்ல உக்கார வைப்பாங்க.

மூணாவது ஈக்வாலிட்டி கோர்ட், என்னைக் கேட்டா இதுதான். தனிக் கட்டடம்லாம் இல்ல, நம்ம மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டேதான், அங்க ஈக்வாலிட்டி கிளார்க்னு ஒருத்தர் இருப்பார், அவரைக் கேட்டு ஃபார்ம் வாங்கி எழுதிக் குடுக்கணும். 2000ல வந்த நாலாவது ஆக்ட், பாகுபாட்டைத் தடுக்குற சட்டம், ஈக்வாலிட்டி ஆக்ட்னு சொல்றது, அதுலதான் இது வருது. வழக்குப் போடக் காசு கட்ட வேண்டியதில்ல, லாயர் கட்டாயம் இல்ல. ரெண்டு விஷயம் இதை மத்ததுல இருந்து வேறாக்குது. ஒண்ணு, நாம முதல் பார்வைக்குப் பாகுபாடுன்னு காட்டிட்டா போதும், அப்புறம் இது நியாயமானதுதான்னு நிரூபிக்க வேண்டியது ஸ்கூல். சாதாரண சிவில் கேஸ்ல அந்தச் சுமை முழுக்க நம்ம தலையில இருக்கும். இன்னொண்ணு அந்த இடைக்கால ஆர்டர். ஃபார்ம் குடுக்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்க, கேக்காம விட்டா தானா வராது.

குறையே இல்லையான்னா, இருக்கு. சில கோர்ட்ல கிளார்க்குக்கே இந்த வேலை பழக்கம் இருக்காது, இங்க இல்ல அங்க போன்னு அலைய விடுவாங்க. நீதிபதி உங்க கேஸை வாங்கிப் பார்த்துட்டு இதை வேற அமைப்பு, ஹியூமன் ரைட்ஸ் கமிஷன் மாதிரி, விசாரிக்கட்டும்னு திருப்பி அனுப்பவும் அதிகாரம் இருக்கு. அப்புறம் மாஜிஸ்ட்ரேட்டுக்கு மாஜிஸ்ட்ரேட் மாறும், மூக்குத்தி கேஸ்லயே முதல் கோர்ட்ல நம்ம பக்கம் தோத்தது ஞாபகம் இருக்கட்டும். தோத்தாலும் பொதுவா அவங்கவங்க செலவு அவங்கவங்களுக்குத்தான், நீதிபதி வேற மாதிரி சொன்னாலொழிய.

அந்த அக்கா கேட்ட கேள்வியை நிறைய பேர் கேப்பாங்க. "ஏன் தம்பி, நான் கேஸ் போட்டா எம்புள்ள மேல டீச்சருங்க வன்மம் வச்சுக்க மாட்டாங்களா?" வச்சுக்குவாங்க, சில பேர். சட்டத்துல அதுக்கு ஒரு வழி இருக்கு. அரசியல் சட்டம் 38ஆம் பிரிவு, யாரு கோர்ட்டுக்கு வரலாம்னு சொல்றது, ரொம்பத் தாராளமா இருக்கும், பாதிக்கப்பட்டவங்க மட்டும்தான்னு இல்ல, ஒரு குழுவுக்காக, பொது நலனுக்காக, ஒரு சங்கம் தன் உறுப்பினருங்களுக்காகன்னு யார் வேணும்னாலும் வரலாம். ஈக்வாலிட்டி ஆக்ட்லயும் அப்படியேதான். கோயில் கமிட்டியோ தமிழ்ச் சங்கமோ தன் பேர்ல ஃபார்ம் குடுத்தா ஒரு பிள்ளையோட பேரு நடுவுல நிக்காது. கும்பாபிஷேகத்துக்கு அவ்வளவு அலையுற கமிட்டிங்க இதுக்கு ஒரு மத்தியானம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வரைக்கும் வந்தா என்ன குறைஞ்சிடும்னு எனக்குக் கோவமே வருது.

நாலாவது ஹைகோர்ட். பிள்ளையை கேட்லயே நிறுத்திட்டாங்க, பரீட்சை எழுத விடல, சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, இந்த மாதிரி இருந்தா மட்டும். அப்ப அவசர மனு போட்டா ரெண்டு மூணு நாள்லயே கேப்பாங்க. 2002ல கேப் ஹைகோர்ட்ல ஒரு ரஸ்தாபாரிப் பொண்ணு, ஜடைமுடி போட்டு தலைத்துணி கட்டினதுக்கு சஸ்பெண்ட் பண்ணாங்க, கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு. ஆனா அட்டர்னி, அட்வகேட்னு எதிர்த்தரப்பு கடுமையா நின்னா லட்சக்கணக்கான ரேண்ட் போயிடும். 2009 பயோவாட்ச் தீர்ப்புக்கு அப்புறம் ஒரு ஆறுதல், அரசாங்கத்துக்கு எதிரா நியாயமா உரிமை கேட்டுப் போய் தோத்தா அவங்க செலவை நம்ம தலையில கட்ட மாட்டாங்க, நம்ம லாயர் செலவு நம்மளோடதுதான். லீகல் எய்டு, லீகல் ரிசோர்சஸ் சென்டர், யூனிவர்சிட்டி லா கிளினிக் இவங்களைக் கேட்டுட்டு அப்புறமா வீட்டு நகையைப் பத்தி யோசிங்க.

கான்ஸ்டிடியூஷனல் கோர்ட்டை நான் ஒரு வழியாவே எண்ணல. பழைய ஜெயில் இருந்த இடத்துல, காந்தியை அடைச்சு வச்ச அதே வளாகத்துல, பதினோரு நீதிபதிங்க உக்கார்ற இடம், போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான், ஆனா நேரா அங்க போகணும்னா அபூர்வமாத்தான் விடுவாங்க. அங்க போனா எல்லாம் கிடைச்சிடும்னும் நினைக்க வேண்டாம். நம்ம டர்பன் ஆளு சுப்ரமணி, சிறுநீரகம் ரெண்டும் போய் அடிங்டன் ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் கேட்டு 1997ல அதே கோர்ட்டுக்குப் போனார், மெஷின் கம்மி, யாருக்குக் குடுக்கறதுன்னு ஆஸ்பத்திரி நல்ல எண்ணத்தோட போட்ட விதியில நாங்க தலையிட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. தீர்ப்பு வந்த கொஞ்ச நாள்லயே அவர் போய்ச் சேர்ந்துட்டார். அஞ்சு வருஷம் கழிச்சு 2002ல அதே கோர்ட்தான் எச்ஐவி இருக்குற தாய்மாருக்கு, குழந்தைக்கு அது தொத்தாம தடுக்குற நெவிராபின் மருந்தைக் குடுத்தாகணும்னு அரசாங்கத்துக்கு உத்தரவு போட்டுச்சு. அரசாங்கம் பணம் செலவழிக்கணும்னா கோர்ட் தயங்கித் தயங்கித்தான் வரும், மருந்து கையில இருந்தும் குடுக்காம இருந்ததாலதான் அந்த ரெண்டாவது கேஸ்ல தைரியமா சொன்னாங்க. கயிறுக்கும் மூக்குத்திக்கும் அரசாங்கத்துக்கு ஒரு ரேண்ட் செலவில்ல, அந்த வகையில நம்ம கேஸ் சுலபமான ஜாதி.

ஆக, காப்பு, தாடின்னா கவர்னிங் பாடிக்கு லெட்டர், அதோட ஹெச்ஓடி, கோர்ட் வேண்டாம். சிவப்புக் கயிறுன்னா லெட்டர் போட்டு, நீங்க சொன்ன தேதிக்குள்ள பதில் வரலேன்னா கமிஷனுக்கும் ஈக்வாலிட்டி கோர்ட்டுக்கும் ஒரே வாரத்துல போங்க, ஒண்ணுக்காக இன்னொண்ணைக் காக்க வைக்காதீங்க. மூக்குத்தின்னா லெட்டர், நேரா ஈக்வாலிட்டி கோர்ட், இடைக்கால ஆர்டர். கிரேடு 12ல இருக்குற பிள்ளைன்னா இன்னும் அவசரம், மேட்ரிக் முடிஞ்சா ஆர்டர் வந்தும் புண்ணியமில்ல. பிரைவேட் ஸ்கூல்ல ஹெச்ஓடி அப்பீல் உங்களுக்குக் கிடையாது, ஆனா ஈக்வாலிட்டி ஆக்ட் அவங்களையும் பிடிக்கும், "கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க"ன்னு பயமுறுத்தினா 2020ல பிரிட்வின் ஸ்கூல் கேஸ்ல, பிள்ளைங்க நலனைப் பார்க்காம, அவங்க பக்கத்தைக் கேக்காம கான்ட்ராக்டைக் காட்டி வெளிய அனுப்ப முடியாதுன்னு கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் சொன்னதைச் சொல்லுங்க.

காவடிக்கு லெட்டரை ஜனவரியில எழுதாதீங்க. டிசம்பர் லீவுக்கு ஸ்கூல் மூடுறதுக்கு முன்னாடி கவர்னிங் பாடியோட கடைசி மீட்டிங் எப்பன்னு ஆபீஸ்ல கேட்டு, அதுக்குள்ள குடுத்துடுங்க, அடுத்த வருஷத் தைப்பூசத் தேதியைப் பஞ்சாங்கத்துல பார்த்து அதுலயே எழுதி.